பயனர் நின்று படிக்கும் எச்சரிக்கை: பிரைவசி மென்பொருள் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விபிஎன் (நாம் போகும் தளங்களை இணைய நிறுவனத்திடமிருந்து மறைக்கும் இணைப்பு), மெசேஜ் செயலி, பிரவுசர், மின்னஞ்சலை மறைகுறியாக்கும் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டும்) கருவி என்று மக்களின் அந்தரங்கத்தைக் காக்கும் மென்பொருளை எழுதுகிறவர்களும், அவற்றைத் தமிழாக்குகிறவர்களும் என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு ஒரு வரியே போதும்.

எச்சரிக்கை என்பது என்ன? அறிவிப்பிலிருந்து அதை எப்படிப் பிரிப்பது?

பயனர் ஒரு முடிவு எடுக்கவேண்டும் என்றால் எச்சரிக்கை. தெரிந்துகொண்டால் போதும் என்றால் அறிவிப்பு. "புதுப்பிப்பு முடிந்தது" என்பதை மஞ்சள் முக்கோணம் போட்டுச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. அடுத்த முறை உண்மையான ஆபத்து வரும்போது அதே முக்கோணத்தை யார் மதிப்பார்கள்?

மற்ற மென்பொருளுக்கும் இதுதானே? பிரைவசி மென்பொருளுக்கு மட்டும் என்ன தனி?

கோப்பை அழித்துவிட்டால் அது இல்லை என்று கண்ணுக்குத் தெரியும். ரகசியம் கசிந்தால் எதுவுமே தெரியாது. திரை அப்படியேதான் இருக்கும், எல்லாம் வேலை செய்யும். பாதிப்பு ஆறு மாதம் கழித்து வரலாம், வந்தாலும் எதனால் வந்தது என்று புரியாது. கசிந்ததைத் திரும்பப் பெறவும் வழியில்லை. அதாவது, தப்பு செய்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு பயனருக்குக் கிடைப்பதே இல்லை.

1999இல் அல்மா விட்டன், டக் டைகர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துப் பார்க்கத் தக்கது. மின்னஞ்சலைப் பூட்டும் பிஜிபி 5.0 மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து, 90 நிமிட அவகாசத்தில் ஒரு ரகசியச் செய்தியைப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். 3 பேர் அந்த ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். அந்த மென்பொருளின் திரை அந்தக் காலத்துக்கு நன்றாகவே இருந்தது. பட்டன்கள் அழகாக இருந்தாலும், என்ன நடக்கிறது என்பது பயனருக்கு எட்டவில்லை.

மக்கள் படிக்காமலே 'சரி' அழுத்துகிறார்கள். அது அவர்கள் தப்புதானே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர், தான் கடைசியாகக் குக்கி அறிவிப்பை முழுதாகப் படித்தது எப்போது என்று யோசித்துப் பார்க்கட்டும்.

2013இல் தேவ்தத்தா அகாவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் இருவரும் குரோம், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்களில் மக்கள் நிஜமாகவே பார்த்த 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். தளத்தின் சான்றிதழில் (அது உண்மையான தளம்தான் என்று காட்டும் மின்னணு அத்தாட்சியில்) கோளாறு என்று வரும் எச்சரிக்கையை குரோமில் 70.2 சதவீதம் முறை தாண்டிப்போனார்கள். ஃபயர்பாக்ஸில் 33 சதவீதம். அதே மாதிரி மனிதர்கள், அதே மாதிரி ஆபத்து, ஆனால் பாதிக்கும் மேல் வித்தியாசம். தீம்பொருள், போலித் தளம் பற்றிய எச்சரிக்கைகளை ஃபயர்பாக்ஸில் தாண்டியவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியென்றால் மக்கள் கேட்கவே மாட்டார்கள் என்பது பொய். சொல்கிற விதத்தில் சொன்னால் கேட்கிறார்கள்.

2008இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலும் இதே கதைதான். வேலையை நிறுத்தி வழிமறித்த போலித்தள எச்சரிக்கையை 79 சதவீதத்தினர் மதித்தார்கள். ஓரமாக வந்து நின்ற எச்சரிக்கையை மதித்தவர் ஒரே ஒருவர்.

'அப்படியானால் எல்லாவற்றையும் வழிமறித்துச் சொல்லிவிடலாமே' என்று கிளம்பிவிடாதீர்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் எச்சரிக்கைகளைப் பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஒரே எச்சரிக்கையை இரண்டாவது தடவை காட்டியதுமே பார்வைப் பகுதியின் செயல்பாடு சட்டென்று இறங்கியது. இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை, மூளை வேலை செய்யும் விதமே அது. பயனரின் கவனம் ஒரு சின்னப் பாத்திரம். பத்து தடவை சும்மா மொண்டுவிட்டால் பதினோராவது தடவை அடியில் ஒன்றும் இருக்காது.

அப்படியானால் எச்சரிக்கையை எப்போது போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மென்பொருளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பயனருக்குத் தெரிந்திருந்தால் மட்டும் கேளுங்கள். இந்தக் கோப்பை அவர் எதிர்பார்த்தாரா? நண்பர் நேற்றுப் புது போன் வாங்கினாரா? இதெல்லாம் அவருக்குத் தெரியும், உங்கள் நிரலுக்குத் தெரியாது. ஆனால் 'இந்தச் சான்றிதழின் கையொப்ப முறை பழையது, தொடரலாமா?' என்று கேட்டால், உங்களுக்கே தெரியாத விடையை அவரிடம் கேட்கிறீர்கள். அல்லது, விடை தெரிந்தும் பழியை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

பயனரின் அடையாளத்தை மறைக்கும் டார் பிரவுசர் நல்ல உதாரணம். ஜன்னலைப் பெரிதாக்கினால் உங்கள் திரையின் அளவு தளங்களுக்குத் தெரிந்துவிடும். மற்றத் தகவல்களோடு அதைச் சேர்த்து ஆளை அடையாளம் காண முடியும். அதனால் முன்பெல்லாம் பெரிதாக்கியதும் 'இது உங்களைக் காட்டிக்கொடுக்கலாம்' என்று மேலே ஒரு பட்டை வரும். திரையை முழுதாக்குவது எல்லோருக்கும் கை தானாகச் செய்கிற காரியம். வரும், மூடுவார்கள், மறப்பார்கள். 2019 அக்டோபரில் வந்த 9.0 பதிப்பில் பிரச்சினையையே எடுத்துவிட்டார்கள். ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும், பக்கம் காட்டப்படும் பகுதி 200க்கு 100 பிக்சல் என்ற படிகளில்தான் வளரும். மிச்சம் சாம்பல் ஓரமாக நிற்கும். எச்சரிக்கைக்கு வேலையே இல்லாமல் போனது.

ஒவ்வோர் எச்சரிக்கையையும் எழுதும் முன் இந்தச் சாம்பல் ஓரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தானாகச் சரிசெய்ய முடிகிறதா? செய்துவிடுங்கள். எந்தச் சூழலிலும் கூடாத காரியமா? தடுத்துவிடுங்கள், கேட்காதீர்கள். இரண்டும் இல்லாதபோதுதான் எச்சரிக்கை.

தடுப்பது திமிராகத் தெரியாதா?

தெரியும். சில இடங்களில் தெரிந்தாலும் பரவாயில்லை. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஹெச்எஸ்டிஎஸ் விதியின்படி, எப்போதும் பாதுகாப்பான இணைப்பே வேண்டும் என்று ஒரு தளம் முன்பே சொல்லியிருந்தால், கோளாறு வந்ததும் பிரவுசர் இணைப்பை முறித்துவிடவேண்டும். பயனர் தாண்டிப்போக வழியே தரக்கூடாது.

தடுக்காமல் விட்டதன் விலையை 2018 மே மாதம் பார்த்தோம். எஃபெயில் என்று பெயரிட்ட தாக்குதலில், பூட்டப்பட்ட மின்னஞ்சலை வழியில் மாற்றி அமைத்து, அதன் உள்ளடக்கத்தைத் தாக்குகிறவருக்கே அனுப்பவைக்க முடிந்தது. செய்தி கலைக்கப்படவில்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லாதபோது, மின்னஞ்சலைப் பூட்டித் திறக்கும் குனுபிஜி கருவி எச்சரிக்கை கொடுத்தது. ஆனால் கூடவே பூட்டைத் திறந்த செய்தியையும் கொடுத்தது. அதன்மேல் கட்டப்பட்ட சில மின்னஞ்சல் மென்பொருள்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு, செய்தியை மட்டும் எடுத்துக் காட்டின. ஜூனில் வந்த குனுபிஜி 2.2.8 பதிப்பில் எச்சரிக்கையை, வேலையையே நிறுத்தும் பிழையாக மாற்றினார்கள். மனிதர்கள் மட்டுமல்ல, நிரலாளர்களும் எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டுகிறவர்கள்தான்.

நல்ல எச்சரிக்கையில் என்னவெல்லாம் இருக்கவேண்டும்?

மைக்ரோசாஃப்டில் இதற்கென்று ஒரு சின்ன அட்டையே அடித்துப் பொறியாளர்களுக்குக் கொடுத்தார்கள். எச்சரிக்கை தேவையானதாக, விளக்கம் உள்ளதாக, செய்யத்தக்க வழி சொல்வதாக, சோதிக்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதைவிட ஓர் எச்சரிக்கையை எடுத்துப் பிரித்துப் பார்ப்பதே உதவும்.

அடையாளம் மறைக்கும் பிரவுசரில் ஒருவர் ஒரு ஆவணத்தை இறக்குகிறார். அதை வேறு செயலியில் திறந்தால் அந்தச் செயலி நேரடியாக இணையத்தைத் தொட்டு, அவருடைய உண்மையான இணைய முகவரியைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடும். வழக்கமாக எழுதப்படுவது:

"எச்சரிக்கை! வெளிப்புறப் பயன்பாடுகள் பதிலி அமைப்புகளைப் புறக்கணிக்கலாம். தொடர விரும்புகிறீர்களா? [ஆம்] [இல்லை]"

இதில் பயனருக்குப் புரிவது 'எச்சரிக்கை' என்ற ஒரு சொல்தான். இப்படி மாற்றலாம்:

"இந்தக் கோப்பைத் திறந்தால் நீங்கள் யார் என்று தெரிந்துவிடக்கூடும். கோப்பு வேறு செயலியில் திறக்கும். அந்தச் செயலி உங்கள் ஐபி முகவரியை மறைக்காது. நெட்டை அணைத்துவிட்டுத் திறந்தால் ஆபத்து குறைவு. [பிறகு திறக்கிறேன்] [இப்போதே திற]"

என்ன நேரும் என்பது முதலில், ஏன் என்பது அடுத்து, என்ன செய்யலாம் என்பது மூன்றாவது. பெரும்பாலானவர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் அது முதல் வரி. 'பதிலி' (இணைப்பை நடுவில் நின்று கடத்தும் சர்வர்) என்ற சொல் காணாமல் போனதைக் கவனியுங்கள். யாரும் அதைத் தேடமாட்டார்கள்.

பட்டனில் 'சரி' என்று போடலாமா?

வேண்டாம். 'உங்கள் செய்திகள் கசிந்திருக்கலாம்' என்று சொல்லிவிட்டுக் கீழே 'சரி' என்று ஒரு பட்டன். எது சரி? கசிந்ததா? பேச்சில் 'சரி, சரி' என்றால் ஆளை விடு என்று பொருள். பயனரும் அதே பொருளில்தான் அழுத்துகிறார்.

பட்டனில் வினை இருக்கட்டும்: 'பூட்டாமல் அனுப்பு', 'அனுப்பாதே'. மேலே உள்ள வாசகத்தை மறைத்துவிட்டுப் பட்டன்களை மட்டும் படித்தாலும் என்ன நடக்கும் என்று விளங்கவேண்டும். 'ரத்துசெய்வதை ரத்துசெய்' போன்ற அற்புதங்களையும் நான் திரையில் பார்த்திருக்கிறேன்.

தொழில்நுட்பச் சொற்களை விளக்கிப் புரியவைத்துவிட முடியாதா?

முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். குரோம் குழு தன் சான்றிதழ் எச்சரிக்கையை எளிய மொழியில் திருத்தி எழுதி, அதன் முடிவை 2015இல் வெளியிட்டது. புரிதல் எதிர்பார்த்தபடி கூடவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பாதுகாப்பான பட்டனை எடுப்பாகவும் தாண்டிப்போகும் வழியைச் சின்ன எழுத்தில் ஒதுக்கியும் வைத்ததில், திரும்பிப்போனவர்களின் பங்கு ஏறத்தாழ 30 சதவீதப் புள்ளிகள் கூடியது. விளக்கிச் சாதிக்க முடியாததை அமைப்பு சாதித்தது. எனக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான், வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால்.

ஆனாலும் பெயர் முக்கியம். செய்தியைப் பூட்டும் சாவி என்பது ஒரு நீண்ட எண். அதன் சுருக்க எண்ணுக்கு ஆங்கிலத்தில் விரல்ரேகை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைத் தமிழில் 'கைரேகை' என்று போட்டால் பயனர் கட்டைவிரலை சென்சாரில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். சிக்னல் செயலி 2016இல் அந்தப் பெயரைக் கைவிட்டு 'பாதுகாப்பு எண்' என்று மாற்றியது. 60 இலக்கம், ஐந்தைந்தாக 12 தொகுதி. போனில் வாய்விட்டு வாசித்து ஒப்பிடலாம்.

எதிரில் இருப்பவரின் சாவி மாறினால் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டுமா?

நிபுணர்களே அடித்துக்கொண்ட விஷயம் இது. சாவி மாறியதற்கு, யாரோ நடுவில் புகுந்திருப்பது ஒரு காரணம். நண்பர் போன் மாற்றியதோ செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டதோ இன்னொரு காரணம். நூற்றுக்கு நூறு என்று சொல்லும் அளவுக்கு இரண்டாவதுதான் நடக்கும்.

வாட்ஸ்அப் இந்த அறிவிப்பை அமைப்புகளுக்குள் விருப்பத் தேர்வாக வைத்தது, தானாகக் காட்டவில்லை. 2017 ஜனவரியில் அதைப் 'பின்கதவு' (உளவு பார்க்க விட்டுவைத்த ரகசிய வழி) என்று ஒரு செய்தித்தாள் எழுத, குறியாக்க நிபுணர்கள் பலர் கூடி மறுத்தார்கள். சிக்னல் நடுவழியைப் பிடித்தது: சாதாரணமாக உரையாடலுக்குள் ஒரு வரி மட்டும் வரும். அந்த எண்ணை நீங்கள் நேரில் சரிபார்த்துக் குறித்து வைத்திருந்தால், அடுத்த செய்தி போகும் முன் நிறுத்திக் கேட்கும். அக்கறை காட்டியவரிடம் மட்டும் அதிகம் கேட்கும் இந்த முறைக்குத்தான் என் ஓட்டு.

தொலைவில் உள்ள சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கருவியில், சர்வரின் சாவி மாறினால் வரும் எச்சரிக்கையை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பெரிய எழுத்தில், சுற்றிலும் அட் குறி வேலி போட்டு, யாரோ கெட்ட காரியம் செய்யக்கூடும் என்று அலறும். 2023 மார்ச் 24 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், தன் சர்வரின் ஆர்எஸ்ஏ வகை ரகசியச் சாவி பொதுவெளியில் தெரிந்துவிட்டதால் அதை மாற்றியது. அதை நம்பியிருந்த நிரலாளர்கள் அத்தனை பேருக்கும் இந்த அலறல். செய்யவேண்டியது, கிட்ஹப் வெளியிட்ட புதுச் சாவியின் சுருக்க எண்ணோடு ஒப்பிடுவது. எத்தனை பேர் பழைய சாவி இருந்த வரியை அழித்துவிட்டு 'யெஸ்' அடித்தார்கள் என்று கேட்டால் என் அலுவலகத்திலேயே சிலர் கூரையைப் பார்ப்பார்கள்.

சிவப்பு நிறம், பூட்டுப் படம் இதெல்லாம் உதவுமா?

நிறம் மட்டும் வேண்டாம், நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது போய்ச்சேராது. பூட்டின் கதையோ இன்னும் சுவாரசியம். அது 'இணைப்பு மறைகுறியாக்கப்பட்டது' என்று சொன்னது; மக்கள் 'தளம் நம்பகமானது' என்று படித்தார்கள். போலித் தளங்களும் பூட்டோடு வந்தன. 2021இல் கூகுள் நடத்திய ஆய்வில் பூட்டின் சரியான பொருளைச் சொன்னவர்கள் 11 சதவீதம். 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117இல் பூட்டையே எடுத்துவிட்டார்கள். நல்ல செய்திக்குப் படம் போடாதீர்கள். கெட்ட செய்தியை மட்டும் சொல்லுங்கள்.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்கவேண்டியது உண்டா?

நிறைய உண்டு. மொழிபெயர்த்து முடித்தபின் தெரியவருபவை இவை.

முதலாவது, தமிழில் மறுப்பு கடைசியில் வருகிறது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பாக இல்லை' என்பது சின்ன போனின் அறிவிப்புப் பட்டையில் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பாக…' என்று வெட்டுப்பட்டு நிற்கும். நேர் எதிர்ப் பொருள்! எனவே கெட்ட செய்தியை முன்னால் தள்ளுங்கள்: 'ஆபத்தான இணைப்பு', 'பூட்டாத செய்தி'.

அப்புறம் இந்த '-லாம்'. 'இந்தச் செயலி உங்கள் இருப்பிடத்தைப் பார்க்கலாம்' என்றால் பார்க்க வாய்ப்பு உண்டு என்று எச்சரிக்கிறோமா, பார்க்க அனுமதி உண்டு என்று சொல்கிறோமா? இரண்டும்தான். அனுமதித் திரையில் இந்த மயக்கம் உதவாது. ஆபத்துக்கு 'பார்த்துவிடக்கூடும்', அனுமதிக்கு 'பார்க்க அனுமதிக்கிறேன்' என்று பிரித்துவிடுங்கள்.

செயப்பாட்டு வினை அடுத்த தொல்லை. 'தரவு பகிரப்படலாம்'. யார் பகிர்வது, யாரோடு? ஆள் தெரிந்தால்தான் பயனரால் தன் நிலைமையை எடைபோட முடியும். வீட்டில் இருப்பவருக்குப் பயப்படுகிறவரும் விளம்பர நிறுவனத்தை வெறுக்கிறவரும் ஒரே செயலியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

'விசை' என்றால் பலருக்கு விசைப்பலகை நினைவுக்கு வரும், 'சாவி' போதும். தமிழின் 'உம்' என்ற ஒட்டு வாக்கியத்தைச் சுருக்கித் தரும்: 'இந்தக் கடவுச்சொல்லை மறந்தால் எங்களாலும் மீட்க முடியாது.' அந்த 'உம்' இல்லாவிட்டால் இன்னொரு வாக்கியம் எழுதவேண்டியிருக்கும்.

எச்சரிக்கையே ஆபத்தாக முடியுமா?

முடியும். பூட்டுத் திரையில் 'உங்கள் ரகசியப் பெட்டகம் திறந்திருக்கிறது' என்று வந்தால், பெட்டகம் இருப்பதே பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். 'செயலியைத் திறந்து பாருங்கள்' என்பதோடு நிறுத்துங்கள். சத்தம், அதிர்வு, எச்சரிக்கையைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விவரம் தெரிந்தவர்கள் தாண்டிப்போக வழி வைக்கலாமா?

வைக்கலாம், தடுமாறி உள்ளே விழ முடியாத இடத்தில். குரோமின் சான்றிதழ் எச்சரிக்கையில், எங்கும் எழுதிக் காட்டாத ஒரு வழி இருக்கிறது: 'இது பாதுகாப்பற்றது' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் தட்டினால் உள்ளே விடும்.

பயனர் தரவைச் சேகரிக்காத மென்பொருளில், எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரிய நிறுவனங்கள் போலக் கோடிக் கிளிக்குகளை எண்ண உங்களால் முடியாது, எண்ணவும் கூடாது. ஆட்களை உட்காரவைத்துத்தான் பார்க்கவேண்டும். ஐந்து பேர் போதும், உங்கள் குழுவைச் சேராதவர்கள். எச்சரிக்கையைச் சில நொடி காட்டி மறைத்துவிட்டு இரண்டு கேள்வி: இப்போது என்ன நடந்திருக்கிறது? நீங்கள் என்ன செய்வீர்கள்? 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஒரு விபிஎன் செயலிக்கு நான் எழுதிய வாசகம்: 'பாதுகாப்பு இணைப்பு துண்டிக்கப்பட்டது'. எனக்கு அது கண்ணாடி போலத் தெளிவு. சோதனைக்கு வந்தவர்களில் மூன்று பேர் 'நெட் போயிடுச்சு' என்றார்கள். நெட் போய்விட்டால் எதுவும் கசியாது அல்லவா? நிம்மதியாக இருந்தார்கள். வீடியோ தொடர்ந்து ஓடியதும் 'வந்துடுச்சு' என்று வேலையைப் பார்க்கப் போனார்கள். விபிஎன் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. திருத்திய வாசகம்: 'விபிஎன் நின்றுவிட்டது. நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது இப்போது உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரிகிறது. [விபிஎன் திரும்பும்வரை நெட்டை நிறுத்து] [விபிஎன் இல்லாமல் தொடர்]'.

அடுத்த பதிப்பில் அதையும் எடுத்துவிட்டோம். விபிஎன் நின்றால் நெட்டும் தானாக நிற்கும்படி செய்தாயிற்று.

இங்கே உள்ள வாசகங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. உங்களிடம் இருப்பதிலேயே சின்னத் திரையுள்ள போனில், எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கே வெட்டுப்படுகிறது என்று எனக்கு எழுதினால் திருத்திக்கொள்கிறேன்.